கறுப்புக் காரின் கீறல்களும் வளையல் இல்லாத கைகளும்

ஐயா, அம்மா,

இதனை வாசிக்கும் தாங்கள் எவராயினும் முதற்கண் என் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள். அதன் பின்னர் கற்றவை யாவும் கடைச் சாமான் சுற்றிவந்த பத்திரிகைத் தாள்களிலும், வாசிகசாலையில் அட்டை கழன்று கிடந்த நூல்களிலும் நானாகவே கற்றவை. ஆதலால் எழுத்துநடையில் குற்றம் கண்டால் பொறுத்தருள்க. எழுதப்படும் விடயத்தில் பொறுத்தருள வேண்டியது எதுவுமில்லை. அது நடந்தவாறே எழுதப்படுகிறது.

அண்மையில் ஒரு திருமண விருந்தில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் ஒருவர் அமர்ந்திருந்தார். யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் வாடகைக்கு ஓடிய ஒரு கறுப்புக் காரைப் பற்றி எதிரில் இருந்தவரிடம் கதைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மினுக்கம் அது! முகம் பாத்துத் தலை வாரி இழுக்கலாம். அந்த மனிசி பாவம், புருசன் செத்தாப்பிறகு புருசன்ரை தமையன்தான் காரை வைச்சுக் காப்பாத்திக் குடுத்தது."

அந்த மனிசி தம் பக்கத்திலேயே இருந்து பாயசம் அருந்துவதை அவர் அறியார். நான் பாயசத்தை மிச்சம் விடாமல் அருந்தி, கை கழுவி, வீடு வந்தேன். மறுநாள் காலையில் இதனை எழுத அமர்ந்தேன்.

அந்தக் காரை எவரும் எனக்குக் காப்பாற்றித் தரவில்லை.

என் கணவர் துறைமுக வாயிலுக்கு அண்மையில் இருந்த தரிப்பிடத்தில் காரை நிறுத்தி ஓட்டம் ஓடியவர். அது இங்கிலாந்தில் செய்யப்பட்ட பழைய கார். வட்டமான முதுகும், சக்கரங்களை மூடும் உருண்ட மட்காட்டுகளும், கிணற்றை எட்டிப் பார்ப்பது போன்ற கறுப்பு நிறமும் கொண்டது. ஊரடங்கும் சோதனையும் மலிந்திருந்த ஆண்டுகளில், ஒரு மழைக்காலத்தின் முடிவில், காய்ச்சலில் படுத்தவர் எழும்பவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நானும் முற்றத்தில் காரும் மிஞ்சினோம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து வந்தவர்கள் போன பின்னர், கணவரின் தமையனார் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு என் முன்னே அமர்ந்தார். கார் அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் வாங்கப்பட்டிருந்தமையால், அவர் இணங்காமல் நான் அதனை வைத்திருக்க இயலாது.

"பிள்ளை, காரைக் குடுத்திடுவம். பொம்பிளை ஒருத்தி கார் வைச்சு என்ன செய்யிறது?"

"ஆம்பிளை வைச்சு என்ன செய்தவரோ அதைத்தான் அத்தான்."

"உனக்கு ஓடத் தெரியுமோ?"

"உங்களுக்கும் தெரியாதே. நீங்கள் விக்கப் போறன் எண்டு நிக்கிறியள்."

அவர் கெட்டவர் அல்லர். ஆனால் தாம் சொன்னதற்கு எதிர்க்கதை கேட்டுப் பழகாதவர். முற்றத்துக் காரைப் பார்த்துவிட்டு இப்படிச் சொன்னார்:

"ஆசுபத்திரி ஓட்டமும் சந்தை ஓட்டமும் பெற்றோலுக்கே காணாது. கார் சோறு போடுறது கலியாண ஓட்டத்திலை. உன்னட்டை ஆர் வந்து பொம்பிளைக்குக் கார் கேப்பினம்? யோசிச்சுப் பார். வாற தை மாதம் வரைக்கும் விடுறன். தையிலை ஒரு கலியாணப் பொம்பிளையாவது இந்தக் காரிலை ஏறாட்டி விக்கிறதுதான். சரியோ?"

"சரி," என்றேன். அது சரி என்று எனக்குத் தோன்றியதால் அல்ல. விதவையின் காரில் மணப்பெண் ஏறமாட்டாள் என்பதை அவர் கணக்கில் எடுத்துத்தான் தவணை சொல்கிறார் என்பது விளங்கியதால், அந்தக் கணக்கைப் பிழைக்கச் செய்ய வேண்டும் என்று தோன்றியதால் சொன்னேன்.

காரை ஓடுவதற்குக் கணவரின் நண்பரான ஒரு நானாவை அமர்த்தினேன்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். அவர் கிண்ணியாவைச் சேர்ந்தவர். அக்காலத்தில் கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக் கடலைக் கடக்கும் மிதவையைப் பாதை என்று சொல்வோம். நானா காலையில் பாதையில் வந்து, மாலையில் ஊரடங்குக்கு முன்னர் பாதையிலே திரும்புவார். பேச்சில் பகிடி குறையாத மனிதர். தோளில் எந்நேரமும் ஒரு துவாய் கிடக்கும்.

அந்நாட்களில் கார் வைத்திருந்தோர் அதனைத் துடைப்பதை நிறுத்தியிருந்தனர். ஆயுதம் வைத்திருந்த அனைவருக்கும் வாகனம் தேவைப்பட்டது. நல்ல கார் என்று கண்டால் இரவல் கேட்பார்கள். இரவல் போனது திரும்புவது அரிது. ஆகவே சிலர் வேண்டுமென்றே சேற்றை அள்ளிப் பூசி, பிச்சைக்காரன் கோலத்தில் காரை வைத்திருந்தனர். நான் அப்படிச் செய்யவில்லை.

"மினுக்காதீங்க தங்கச்சி, கண்ணு படும்," என்றார் நானா.

"ஊத்தையாய் வைச்சா மட்டும் விடுவாங்களோ நானா? கொண்டுபோறவன் நல்ல காரைக் கொண்டுபோகட்டும். அதுவரைக்கும் இது நல்ல காராய் நிக்கட்டும்."

ஆனால் மினுக்குவது எப்படி என்று எனக்கும் அப்போது தெரியாது. துணியால் துடைத்தால் பளபளக்கும் என்றே நம்பியிருந்தேன். ஒரு நாள் காலை வெயில் காரின் முன்மூடியான பொனற்றில் விழும்போது எதிரே நின்று பார்த்தேன். வெயிலின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல வட்டம் வட்டமாக நுண்ணிய கீறல்கள் தெரிந்தன. ஓர் அடி நகர்ந்தேன். வலையும் என்னோடு நகர்ந்தது. குந்தியிருந்து பார்த்தேன், எழுந்து பார்த்தேன், மற்றப் பக்கம் போய்ப் பார்த்தேன். எங்கே போனாலும் வெயிலை நடுவில் வைத்து வலை விரிந்திருந்தது. கராஜ்காரர் சுழிக்கீறல் என்று சொல்வது இதனைத்தான் என்று பிற்பாடு அறிந்தேன்.

காரில் வட்டம் ஏதும் இல்லை என்பது பல நாள் பார்த்த பின்னரே புரிந்தது. கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. வெயில் தனக்குக் குறுக்கே கிடப்பவற்றை மட்டும் எடுத்துக் காட்டுகிறது. அவை சேர்ந்து வட்டமாகத் தெரிகின்றன. நிழலில் அதே கார் குற்றமற்றுத் தோன்றும்.

கீறல் எங்கிருந்து வந்தது? படை வாகனங்கள் தொடராகப் போகும்போது எழும்பும் புழுதி, கடற்கரை மணல், சோதனைச் சாவடிகளில் கிழிந்த மூட்டைகளிலிருந்து காற்றில் கொட்டும் மணல் ஆகிய எல்லாம் கார்மேல் படிகின்றன. தரிப்பிடத்தில் சும்மா நிற்கும் சாரதி தோள் துவாயை எடுத்து, ஒரு துளி தண்ணீர் இன்றி, வட்டம் போட்டுத் துடைக்கிறார். மணலைப் பூச்சின்மேல் வைத்து அரைப்பது போன்றது அது. முதல் எதிரி நானாவின் துவாய்தான்.

"தொடச்சாப் பாவமா தங்கச்சி?"

"தண்ணி ஊத்தாமல் துடைச்சால் பாவம்."

"மீசை முளைச்ச நாள் தொட்டுத் தொடைக்கிறன்."

"அதுதான் காரிலை எழுதியிருக்கே."

நானா சிரித்துவிட்டுத் துவாயைத் தோளிலிருந்து எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார். அன்று முதல் அது காரைத் தொடவில்லை.

வந்த கீறலைப் போக்குவதற்கு வழி சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. தரிப்பிடத்துச் சாரதிகள் மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து பூசுவார்கள் என்று கேள்விப்பட்டுப் பூசினேன். கீறல் மறைந்தது. மதியத்துக்குள் அந்த எண்ணெயில் ஊர்ப் புழுதி முழுவதும் வந்து ஒட்டியது. எண்ணெய் கீறலை மூடுகிறது, எடுப்பதில்லை என்று தெரிந்துகொண்டேன்.

சமையல் குசினிக்குப் பின்னால், கணவர் என்றோ மாற்றிப் போட்ட ஒரு பழைய மட்காட் கிடந்தது. அதே கறுப்புப் பூச்சு. பழுதானாலும் கேட்பாரற்றது. அதனை வெயிலில் கவிழ்த்து வைத்து என் பரிசோதனைகளைத் தொடங்கினேன். வெள்ளைப் பற்பொடியைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்தேன். பழைய கீறல் போய்ப் புதிய கீறல் வந்தது. பற்பொடியை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தபோது குறுணி தட்டுப்பட்டது. அரிசியில் கல் அரிப்பவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பொடியை ஒரு பெரிய பாத்திரத்துத் தண்ணீரில் கலக்கி, குறுணி அடியில் தங்கும்வரை பொறுத்து, மேலே பால் போல் நிற்பதை மட்டும் வேறொரு சட்டியில் மெல்ல வடித்தேன். அதனை அப்படியே விட, அடியில் மா போன்ற ஒரு வெண்மை படிந்தது. மேல்தண்ணீரைச் சரித்து ஊற்றிவிட்டு, அந்த மாவை மறுபடியும் அவ்வாறே அரித்தேன். கடைசியில் கிடைத்தது கண்ணில் விழுந்தாலும் உறுத்தாது போலிருந்தது. அதனைத் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டுவிட்டுக் குழைத்து, உள்ளங்கையளவு இடத்தில், நேர்க்கோடாக, அழுத்தாமல் தேய்த்தேன். துணி கறுப்பானது. வெயிலில் பார்த்தேன். உள்ளங்கையளவு இடத்தில் வலை இல்லை.

துணி கறுப்பானதைக் கண்டு மகிழ்ந்த நான் பின்பு அதைக் கண்டே அஞ்சினேன். அந்தக் கறுப்பு அழுக்கல்ல, காரின் பூச்சு. கீறலை எடுப்பது என்றால் கீறலின் ஆழம் மட்டும் சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்து இறக்குவது. அடிக்கடி செய்தால் தகரம் வெளியே வந்துவிடும். ஆகவே எடுப்பதைவிட வரவிடாமல் காப்பதே பெரிய வேலை. நான் கைக்கொண்ட ஒழுங்கு இதுதான்: முதலில் தண்ணீரை மேலிருந்து ஊற்றி மணலை ஓடவிட வேண்டும், துணி அதன் பிறகு. கூரையில் தொடங்கிக் கீழே வர வேண்டும். துணியை அலசும் வாளி வேறு, சவர்க்காரத் தண்ணீர் வாளி வேறு. நிலத்தில் ஒரு தரம் விழுந்த துணி அன்றைக்குக் காரைத் தொடாது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சற்று உப்புக் கரிப்பதால், துளிகள் வெயிலில் காய்ந்து புள்ளியாகும் முன்னர் ஒற்றி எடுக்க வேண்டும். கடைசியில் தேன்மெழுகை உருக்கிப் பூசினால், புழுதி பூச்சின்மேல் உட்காராமல் மெழுகின்மேல் உட்காரும்.

துணி விடயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதைப் பற்றி ஊர் என்னைவிட அதிகம் கதைத்தது. அந்தியேட்டிக்கு வந்த உறவினர் எனக்கு உடுக்கவென்று வெள்ளைச் சேலைகள் தந்தார்கள். நான் உடுக்கவில்லை. பழைய நிறச் சேலைகளையே உடுத்தேன். ஆனால் வெள்ளைச் சேலைகள் நல்ல பருத்தி. புதுத்துணியின் கஞ்சி பூச்சைக் கீறும் என்பதால் அவற்றை ஊறவைத்து, அடித்துத் தோய்த்து, காயவைத்து, மறுபடி ஊறவைத்து, கஞ்சியின் வாசமே இல்லாமற் போகும்வரை மெதுமையாக்கினேன். கரைத் தையலை வெட்டி எறிந்தேன். அவ்வளவு நல்ல துடைப்புத்துணி அதன் பிறகு எனக்கு வாய்க்கவில்லை. கோபுரம் போல மடித்து அலுமாரியில் வைத்திருந்தேன்.

கார்த்திகை மாதத்துக்குள் கார் முழுவதும் வலையற்றதாயிற்று. எங்கள் ஊர் வீதிகளில் ஆடு மாடு போல உலவும் மான்கள் வந்து வாளித் தண்ணீரைக் குடித்துவிட்டு, கதவில் தெரியும் இன்னொரு மானை மோந்து பார்த்தன. உப்புவெளி வீதிச் சாவடியில் நிற்கும் ஓர் இளம் சிப்பாய், பொனற்றைத் திறக்கச் சொல்வதற்கு முன்னர் அதிலே குனிந்து பார்த்துத் தன் தொப்பியை நேராக்குவானாம். நானா வந்து சொல்வார்:

"இண்டைக்கும் கண்ணாடி பாத்தான் தங்கச்சி. நம்மட காரு இல்லாட்டி அவனுக்குக் கலியாணமே நடக்காது."

கலியாணம் என் காருக்கும் நடக்கவில்லை. மார்கழி போய்த் தை பிறந்தது. மற்றக் கார்கள் சேற்றில் கிடக்க, என் கார் ஒன்றுதான் ஊரில் மினுங்கியது. ஆயினும் கேட்டு ஒருவரும் வரவில்லை. தமையனார் வாரம் தவறாமல் வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வாங்கப் போகிறவர் இன்னார் என்றும், நல்ல மனிதர் என்றும் சொல்லிவிட்டுப் போவார்.

தை நடுவில் உப்புவெளியிலிருந்து ஓர் அம்மா வந்தார். தம் மூத்த மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் படம் எடுக்க ஆளோடு வருவார்கள். ஊரில் வேறு நல்ல கார் இல்லை. இவ்வளவையும் வாசலில் நின்றே சொன்னார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"தங்கச்சி, குறை நினையாதையுங்கோ. கார் வேணும். ஆனால் ஒண்டு... நீங்கள் கை படாமல்..."

"காரைக் கழுவிறது நான்தான் அக்கா. பேயோ கழுவிறது?"

"அதுதான். கழுவாமல் அனுப்புங்கோ. நாங்கள் எங்கடை ஆக்களைக் கொண்டு கழுவிக்கொள்ளுறம்."

தையில் ஒரு பெண் ஏற வேண்டும். ஏறாவிட்டால் கார் போய்விடும். ஆனால் என் கை பட்டது குற்றம் என்று அவர்கள் கழுவ நான் சம்மதிப்பது என்பது வேறு விடயம்.

"கழுவித்தான் அனுப்புவன்," என்றேன். "நான் கழுவின காரை இன்னொருத்தர் கழுவக் கூடாது. விருப்பம் எண்டால் கொண்டுபோங்கோ."

அவர் கலியாண நாளைச் சொல்லி, தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஊரடங்கு விடிந்த பிறகே தளர்த்தப்படும் என்பதால், கலியாணத்துக்கு முதல் நாள் மாலையே காரைக் கொண்டுபோய்ப் பெண் வீட்டு வளவில் விட வேண்டியிருந்தது. பகல் முழுவதும் நின்று கழுவி, மெழுகு பூசி அனுப்பினேன். நானா அன்றிரவு கிண்ணியா போகாமல் உப்புவெளியிலேயே தங்கினார்.

விடிந்து ஊரடங்கு தளர்ந்த உடனே நானா இரவல் சைக்கிளில் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"தங்கச்சி, போச்சு. எல்லாம் போச்சு."

"இடிச்சுப்போட்டாங்களோ?"

"இடிச்சிருந்தாத் தட்டி எடுக்கலாமே! பின் வளவுல தொழுதிட்டு வாறதுக்கிடையில, பொண்ணுட மாமி காருக்குத் தோசம் கழிச்சிருக்கா."

நான் அவரிடம் மேலும் கேட்கவில்லை. துணிக்கட்டு, வடித்த மாவின் தகரப் பேணி, மெழுகுச் சிமிழ் மூன்றையும் பையில் போட்டு, சைக்கிளின் பின்னால் ஏறி அமர்ந்தேன். நிறச் சேலை உடுத்த விதவை ஒருத்தி, முஸ்லிம் சாரதி ஒருவரின் சைக்கிளில், பட்டப்பகலில் உப்புவெளிக்குப் போனாள் என்பதும் அன்று ஊருக்குக் கதையாயிற்று. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கார் வளவின் வெண்மணலில் கிழக்கு நோக்கி நின்றது. பொனற்றைச் சுற்றிப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. காலை வெயில் அதில் விழுந்து, நான் அதுவரை கண்டிராத அளவுக்கு அடர்த்தியான வலையாகத் தெரிந்தது. நடந்தது இதுதான்: என் கை பட்ட தோஷம் நீங்க, பெண்ணின் மாமன் மனைவியான அந்தச் சுமங்கலி மாமி விடியற்காலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, கார் முழுவதும் திருநீற்றைப் பூசி, அது காய்ந்து வெள்ளையாகத் தெரிந்ததும், பெட்டியிலிருந்து எடுத்த புதுத் துவாயால் அழுத்தித் துடைத்திருக்கிறார். பாத்திரம் தேய்க்கச் சாம்பல் எடுப்பதை அறியாத பெண் நம் ஊரில் இல்லை. ஆனால் சாமி படத்துக்கு முன்னால் இருந்து எடுத்த சாம்பலும் சாம்பல்தான் என்பது அவருக்கு அந்நேரம் தோன்றவில்லை. போதாக்குறைக்கு, இரண்டு கைகளிலும் முழங்கை வரை பொன் வளையல்கள். பெண் ஏறும் இடப்பக்கப் பின்கதவில் அவை இழுத்த கோடுகள் வேறாகத் தெரிந்தன.

"ஆர் துடைச்சது?" என்று கேட்டேன்.

"நான்தான்," என்றார் மாமி. "அஞ்சு பெத்தனான். புருசன் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். என்ரை கை பட்டு ஒண்டும் பழுதாப் போனதில்லை."

"இண்டைக்குப் போயிருக்கு, வந்து பாருங்க," என்றார் நானா.

பெண்ணின் தாயார் என்னை ஒரு பக்கம் அழைத்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"தங்கச்சி, சரியாக்க ஏலுமோ? மாப்பிளை வீட்டார் வந்தால் என்ன சொல்லுவினம்? பின் வளவுக்குக் கொண்டுபோய்ச் செய்யுங்கோவன். மாமர நிழல் இருக்கு. ஒருத்தரும் பாக்காயினம்."

"நிழலிலை இது தெரியாது அக்கா. தெரியாததை எடுக்க ஏலாது. வாசலுக்கு வெளியிலை, றோட்டிலை, வெயிலுக்கு முன்னாலை வைச்சுத்தான் செய்யலாம். தகரம் சுட முதல் செய்ய வேணும். இல்லையெண்டால் காரை எடுத்துக்கொண்டு நாங்கள் போறம்."

"வாசலிலையோ? விடியக் காலமை உன்னை வாசலிலை வைச்சோ?" என்று மாமி குரலை உயர்த்தினார்.

"ஓம். கலியாணமும் விடியக் காலமைதானே வைச்சிருக்கிறியள்."

நான் சொன்ன காரணம் பொய்யல்ல. கீறலை வெயிலில்தான் பார்க்க முடியும். ஆனால் வெயில் இல்லாவிட்டாலும் நான் பின் வளவுக்குப் போயிருக்க மாட்டேன். தாயார் வீதியைப் பார்த்தார், ஏறிவரும் வெயிலைப் பார்த்தார். "செய்யுங்கோ," என்றார்.

நானா காரை வீதிக்கு எடுத்தார். தண்ணீர் அள்ளி மேலிருந்து ஊற்றினோம். திருநீறும் மணலும் ஓடி வடிந்த பின்னர் துணியை எடுத்தேன். மாமி அருகில் வந்து குனிந்தார்.

"இது வெள்ளைச் சீலையெல்லோ? உடுக்கத் தந்ததைக் கிழிச்சோ கார் துடைக்கிறாய்?"

"எனக்கு உடுக்கப் பொருந்தேல்லை. இதுக்குப் பொருந்திச்சு. கொஞ்சம் விலத்தி நில்லுங்கோ மாமி, வளையல் தட்டும்."

"என்னையோ விலத்தச் சொல்லுறாய்?"

"காருக்காகச் சொல்லுறன்."

ஐயா, அம்மா, கலியாண வீட்டு வாசலில் ஒரு விதவை ஒரு சுமங்கலியை விலகி நிற்கச் சொன்னதை நான் அதற்கு முன்னர் கேட்டதில்லை, பின்னரும் கேட்கவில்லை. அவர் விலகினார். என் கைகளில் மோதிரமும் இல்லை, வளையலும் இல்லை. பல மாதங்களாக அந்தக் கைகளைக் கண்டு ஆட்கள் முகம் திருப்பினார்கள். அன்று அந்த வேலைக்கு அவையே ஏற்றவையாக இருந்தன.

முழுக் காரையும் செய்ய நேரம் இல்லை என்று கண்டேன். பொனற்றும், பெண் ஏறும் இடப்பக்கக் கதவுகளும் என்று தீர்மானித்தேன். வலப்பக்கம் கிடக்கட்டும். உள்ளங்கையளவு இடம், நேர்க்கோடு, அழுத்தாமல். துணியைத் திருப்பி, வெயிலில் தலையைச் சாய்த்துப் பார்த்து, அடுத்த உள்ளங்கையளவு. வீதியால் போனவர்கள் நின்றார்கள். மேளகாரர் வந்து இறங்கி, வாசலில் என்னைக் கண்டு, உள்ளே போவதா நிற்பதா என்று தடுமாறினார்கள். நானா அவர்களைப் பார்த்து, "போங்க, போங்க, கார் வேல நடக்குது," என்று வழி காட்டினார். வளையல் இழுத்த கோடுகள் ஆழமாக இருந்தன. அவற்றில் ஒன்றை முழுவதும் எடுக்க முயன்றால் தகரம் தெரிந்துவிடும் என்று கண்டு, ஓரங்களை மட்டும் மழுக்கி விட்டுவிட்டேன். மெழுகு பூசி ஒற்றி எடுத்தபோது பொனற்றில் வெயில் ஒரே வெயிலாக, சுற்றி ஒன்றுமில்லாமல் நின்றது.

அப்போது பெண்ணை அழைத்துவரும் ஆரவாரம் கேட்டது. தாயார் ஓடி வந்தார்.

"தங்கச்சி, பிள்ளை கோயிலுக்கு வெளிக்கிடுறாள். கொஞ்சம் அங்காலை... மதிலுக்கு அங்காலை நில்லுங்கோ. முழுவியளம்..."

புறப்படும்போது கண்ணில் முதலில் படுவது நல்லதாக இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். நான் துணிகளை மடித்துப் பையில் வைத்தேன். மதிலுக்கு அங்கால் போகவில்லை. பின்கதவின் அருகிலேயே நின்றேன்.

பெண் தலை குனிந்து வந்தாள். கதவருகில் வந்து நிமிர்ந்தபோது கறுப்புக் கதவில் தன்னையே முழு அலங்காரத்தோடு கண்டாள். நெற்றிப்பட்டம் ஒரு பக்கம் சரிந்திருந்ததைக் கதவைப் பார்த்துச் சரிசெய்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அன்ரி, கதவைத் திறவுங்கோவன். நான் பிடிச்சால் கை அடையாளம் விழுந்திடும்."

அவள் வேண்டுமென்றே சொன்னாளா, விளையாட்டாகச் சொன்னாளா, எனக்கு இன்றுவரை தெரியாது. தாயார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமி "என்ரை கடவுளே" என்றார். நான் கைபிடியைத் துணியால் பிடித்துக் கதவைத் திறந்தேன். பெண் ஏறினாள். சேலைத் தலைப்பு வெளியே கிடந்ததை எடுத்து அவள் மடியில் வைத்துக் கதவைச் சாத்தினேன். படம் எடுப்பவர் இடப்பக்கம் நின்றுதான் படம் எடுத்தார்.

சாவடியில் அந்தச் சிப்பாய் பெண்ணை இறக்கவில்லை என்றும், பொனற்றில் தன் முகம் பார்த்துவிட்டுக் கையை அசைத்துப் போக விட்டான் என்றும் நானா சொன்னார். அதை நான் நேரில் காணவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தமையனார் வந்தார்.

"வாசலிலை நிண்டனியாமே."

"ஓம், நிண்டனான்."

"கதவும் திறந்து விட்டனியாமே."

"ஓம், திறந்தனான்."

"சனம் என்ன கதைக்குது எண்டு தெரியுமோ உனக்கு?"

"தெரியும் அத்தான். தையிலை ஒரு பொம்பிளை ஏற வேணும் எண்டு சொன்னனீங்கள். இது தை. பொம்பிளை ஏறியிட்டாள்."

அவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார். விற்கும் கதையை அதன் பின்னர் எடுக்கவில்லை. வாக்கு மாறாதவர் என்ற அளவில் அவருக்கு என் மதிப்பு உண்டு. ஆனால் வாக்குக் காத்தது வேறு, காரைக் காத்தது வேறு.

அன்று விட்டுவிட்ட வலப்பக்கத்தை என் வீட்டு வாசலுக்கு வெளியே, வீதியில் வைத்துச் செய்தேன். கந்தோர் வேலைக்குப் போகிறவர்கள் போகும் நேரமாகப் பார்த்தே செய்தேன். அன்று முதல் வளவுக்குள் வைத்துக் கார் கழுவுவதை நிறுத்தினேன். அதன் பின்னர் எல்லாரும் என்னைத் தேடி வந்தார்கள் என்று எழுதினால் அது பொய். பலர் வரவில்லை. சிலர் காரைக் கேட்டு, நானே கழுவுவேன் என்றதும் போய்விட்டார்கள், நானும் மறித்ததில்லை. ஆனால் நானாவின் ஊரில் கலியாணங்கள் இருந்தன. பாதையில் கார் ஏறிக் கிண்ணியா போய் வந்தது. உப்புக்காற்று பட்டு வந்ததை நான் மேலிருந்து தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். வெருகல் பக்கத்திலிருந்தும் ஒரு குடும்பம் வழி திறந்திருந்த காலத்தில் வந்து கேட்டது. உப்புவெளி அம்மா தம் இரண்டாவது மகளுக்கும் கேட்டார். அந்தத் தடவை கை படுவதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. மாமியும் வந்திருந்தார். என்னைக் கண்டதும் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் எடுத்துக்கொண்டு, "கிட்ட வரேல்லை, கிட்ட வரேல்லை," என்றார். இருவரும் சிரித்தோம்.

அந்த வளையல் கோடு கடைசிவரை இடப்பக்கக் கதவில் இருந்தது. சாய்ந்து பார்த்தால் மட்டும் தெரியும். கார் ஓட முடியாத அளவுக்குப் பழசான பின்னர், நான் சொன்ன நாளில், நான் தெரிந்தெடுத்த ஆளுக்கு, நானே கொடுத்தேன். கொடுப்பதற்கு முதல் நாளும் வீதியில் வைத்துக் கழுவினேன்.

எங்கள் துறைமுகத்தைப் பற்றியும் அந்த ஆண்டுகளைப் பற்றியும் பெரியோர் எழுதுவார்கள். அவற்றில் இது இடம்பெறாது என்பதை அறிவேன். ஆகவே இதனைத் தங்கள் கையில் தருகிறேன். இத்தாள்களை எறிந்துவிடாமல், வேறு எழுத்துகளோடு சேர்த்து வைத்திருக்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.